பழைய சீனம் பொறுத்துக்கொண்டது யாரை? ஆண்மை, பெண்மை, தன்பாலீர்ப்பு குறித்து ஒரு விவாதம்

கடல்நாரை எழுதியது:

குவாங்சோ நகரில் நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பினேன். அங்கே என்னைக் குழப்பிய ஒன்றை முன்வைக்கிறேன். ஒருநாள் வகுப்பில் குடும்பம் பற்றிய பேச்சு வந்தபோது ஒரு மாணவர் எழுந்து, தன்பாலீர்ப்பு என்பது மேற்கிலிருந்து வந்த நோய், சீனப் பண்பாட்டில் அதற்கு இடமே இருந்ததில்லை என்றார். அவர் உட்காருவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, நம்மிடம் அது இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்தது, அதைக் குற்றமென்று சொல்லிக்கொடுத்ததுதான் மேற்கு என்று பதில் சொன்னார். இருவரும் ஒரே மரபைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள்.

எனக்கு அந்த மாணவி சொன்னதே சரியென்று பட்டது. ஆனால் அடுத்த வாரம் அவரே, வகுப்பில் மெல்லிய குரலில் பேசும் ஒரு பையனைக் காட்டி, "இவனெல்லாம் ஓர் ஆணா" என்று தோழியிடம் சிரித்ததைக் கேட்டேன். ஆணை ஆண் விரும்புவதை ஏற்கும் ஒருவருக்கு, ஆண் பெண்ணைப் போல இருப்பது ஏன் உறுத்துகிறது? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகளா, ஒன்றேதானா? சீன வரலாற்றில் ஆழ்ந்த வாசிப்புள்ளவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

இளவேனில் எழுதியது:

அந்த மாணவி வரலாற்றைப் பற்றிச் சொன்னதில் பிழையில்லை. ஆணுக்கு ஆண்மேல் வரும் காதலுக்குச் சீனத்தில் 'அறுந்த அங்கிக்கை' என்று பழைய பெயர் உண்டு. கி.மு. 7 முதல் கி.மு. 1 வரை ஆண்ட ஹான் மரபின் ஆய் பேரரசர் ஒருநாள் பகலுறக்கத்திலிருந்து எழ முயன்றபோது, உடன் படுத்திருந்த தொங் சியென் என்ற இளைஞர் தம் அங்கியின் கைமீது தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவர் விழித்துவிடக் கூடாது என்று அந்தக் கைத்துணியை அறுத்துவிட்டு எழுந்தாராம். இன்னொரு பெயர் 'கடித்த பீச் பழம்'. வெய் நாட்டு லிங் கோமகனோடு தோட்டத்தில் உலவிய மி த்ஸு ஷியா என்ற அழகர், ஒரு பழத்தைக் கடித்து, அது மிகவும் இனித்ததால் மீதியைக் கோமகனுக்குக் கொடுத்தார். தன் நாவின் ஆசையை மறந்து எனக்குத் தந்தானே என்று கோமகன் நெகிழ்ந்தார்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் வந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, பெய்ஜிங்கில் இது வெளிப்படையாக நடப்பதையும் யாரும் அதற்காக வெட்கப்படாததையும் கண்டு அதிர்ந்து எழுதியிருக்கிறார். ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் இதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஆங்கிலேயர். ஹாங்காங் அதை 1991இலும் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரிலும் நீக்கின. அதே அச்சில் வார்த்த நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல்தான் தளர்த்தியது. ஆகவே, பழைய சீனம் பொறுத்துக்கொண்டது, வெள்ளைக்காரன் கெடுத்தான் என்பதே என் கட்சி.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இளவேனில் தம்பி சொன்ன இரண்டு கதைகளும் ஏடுகளில் இருப்பவைதாம். ஆனால் இரண்டையும் அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியில்தான் கடல்நாரையின் கேள்விக்கு விடை இருக்கிறது.

தொங் சியென் மணமானவர். அவருடைய மனைவியையும் அரண்மனைக்குள்ளேயே குடியமர்த்திய பேரரசர், அவருடைய தங்கையை அந்தப்புரத்தில் உயர்ந்த நிலையில் வைத்துக்கொண்டார். தொங் சியென்னுக்கு இருபத்திரண்டு வயதிலேயே நாட்டின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்று கிடைத்தது. பேரரசர் பிள்ளையின்றி இறந்ததும் வாங் மாங் என்பவரின் கை ஓங்கி, தொங் சியென் பதவி பறிக்கப்பட்டு, கணவனும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். பீச் பழக் கதையைச் சொன்னவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அரசியல் சிந்தனையாளர் ஹான் ஃபெய். அவர் கதையில், அழகு மங்கியபின் அதே கோமகன் அதே மனிதரை, எச்சில் பழத்தைத் தனக்குத் தின்னக் கொடுத்தவன் என்று குற்றம் சுமத்துகிறார். செய்கை ஒன்றுதான்; பார்த்தவரின் மனம்தான் மாறியது. அரசரிடம் பேசப்போகும் அமைச்சனுக்கு எச்சரிக்கையாகவே ஹான் ஃபெய் இதைச் சொன்னாரே தவிர, காதலைப் போற்றுவதற்காக அல்ல.

பழஞ்சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் தம் நூலில் அரசரின் ஆசைநாயகர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். அதன் தொடக்கத்திலேயே, அழகால் மயக்குவது பெண்கள் மட்டுமல்லர், அரசவை ஆண்களிலும் அப்படிப்பட்டோர் உண்டு என்கிறார். இந்த வாக்கியத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். விரும்பியவர் ஆணாகவே இருக்கிறார். விரும்பப்பட்டவர் மட்டும் பெண்களின் வரிசைக்குப் போய்விடுகிறார். பழைய சீனம் பொறுத்துக்கொண்டது ஆதிக்கம் உள்ள ஆணின் விருப்பத்தை. அவர் மணந்து குலத்துக்குப் பிள்ளை பெற்றால் போதும். மற்றபடி அவர் யாரோடு படுத்தார் என்பதை வீட்டார் கேட்கமாட்டார்கள். மறுபக்கம் இருந்தவர் வயதில் இளையவராகவோ, வேலையாளாகவோ, கூத்துக்காரராகவோ இருக்கவேண்டும்.

மேலும், வெள்ளைக்காரன் வருமுன் சட்டமே இல்லை என்பதும் சரியன்று. 18ஆம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட சிங் மரபின் அரசு, இருவரும் மனமொப்பி நடந்தாலும் நூறு தடியடியும், கழுத்தில் மரப்பலகை மாட்டி ஒரு மாதம் பொதுவிடத்தில் நிறுத்துவதும் தண்டனை என்று எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தின் கவலை பாவம் பற்றியதன்று. நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் பெண்ணின் இடத்துக்குத் தள்ளப்பட்டால் அவன் ஆண்மையும் குடும்பத்தின் மானமும் போய்விடும் என்பதே அதன் அச்சம்.

ஆகவே கடல்நாரை கேட்டவை இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும் ஒன்றேதான். அந்த மாணவி ஆணை விரும்பும் ஆணை ஏற்றார்; பெண்ணின் இடத்தில் நிற்கும் ஆணை ஏற்கவில்லை. பெண்ணின் இடம் கீழிடம் என்று இருக்கும்வரை இந்த முடிச்சு அவிழாது.

முத்துக்குமரன் எழுதியது:

ஏட்டுப்பூச்சி ஐயா எல்லாவற்றையும் பெண்ணடிமையில் கொண்டுபோய் முடிப்பது வழக்கம்தான். ஓரினச்சேர்க்கையை இன்றைய சீனர்கள் விரும்பாததற்குக் காரணம் எளியது: பிள்ளை பிறக்காது. வேறெதையும் இதில் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நெறியாளர் எழுதியது:

ஒரு சிறு வேண்டுகோள். முத்துக்குமரன் பயன்படுத்திய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒரு மனிதரின் ஈர்ப்பையும் வாழ்வையும் உடற்செயலாக மட்டும் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் இந்த இழையில் ஏற்கெனவே புழங்குவதால் அதையே தொடரலாம். கருத்து மாறுபாட்டுக்குத் தடையில்லை.

தாமரைச்செல்வி எழுதியது:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் அரசர்களையும் அழகர்களையும் பற்றியே பேசினீர்கள். பெண்ணை விரும்பிய பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. இது உங்கள் பிழையன்று, ஏடுகளின் பிழை. ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன சிங் சட்டத்திலும் பெண்கள் இடம்பெறவில்லை. அதைச் சலுகை என்று யாரும் எண்ணவேண்டாம். குலத்துக்குக் கேடு வராதபடி, ஆணின் உரிமைக்குப் பங்கம் நேராதபடி அந்தப்புரத்துக்குள் இரண்டு பெண்கள் என்ன செய்தாலும் அதை ஒரு செயலாகவே சட்டம் எண்ணவில்லை.

ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். அறுந்த அங்கிக்கைக் கதை இடம்பெற்ற ஹான் வரலாற்றை எழுதியவர் பான் கு. அவர் இறந்தபின் அந்த நூலின் குறைப்பகுதிகளை நிறைவுசெய்தவர் அவருடைய தங்கை பான் ஜாவ். பேரறிஞரான அந்த அம்மையார்தான் பெண்களுக்கான அறிவுரை நூலையும் எழுதினார். ஆணுக்கு உறுதி அறம், பெண்ணுக்கு மென்மை அழகு என்று வகுத்துவிட்டு, அதில் அவர் ஒரு பழமொழியை எடுத்துக்காட்டுகிறார்: ஓநாய் போன்ற மகன் பிறந்தாலும் நோஞ்சானாகிவிடுவானோ என்று அஞ்சு, எலி போன்ற மகள் பிறந்தாலும் புலியாகிவிடுவாளோ என்று அஞ்சு. ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வரி. ஆண் மென்மையாகிவிடுவான் என்ற அச்சமும் பெண் வலிமையாகிவிடுவாள் என்ற அச்சமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, நரைத்த முடியைக் கொண்டையிட்ட இரண்டு சீனப் பாட்டிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். என் அம்மா அவர்களை 'ஆமா' என்றுதான் குறிப்பிடுவார். வசதியான வீடுகளில் சமையலும் குழந்தை வளர்ப்புமாக வாழ்ந்து ஓய்ந்தவர்கள். வளர்ந்தபிறகுதான் அவர்களைப் போன்றோரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டேன். குவாங்டோங் மாநிலத்தின் ஷுன்டே போன்ற பட்டு விளையும் ஊர்களில், மணம் வேண்டாம் என்று முடிவுசெய்த பெண்கள், மணநாளில் தாயோ உறவுப்பெண்ணோ வாரிவிடவேண்டிய கூந்தலைத் தாமே வாரிக் கொண்டையிட்டு, சாமி முன்னால் உறுதி எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் 'தானே வாரியவர்' என்றே பெயர். பட்டு நூற்கும் ஆலைகளில் கிடைத்த கூலி அந்தத் துணிவுக்கு அடிப்படையாக இருந்தது. 1930களில் பட்டு விலை விழுந்தபோது அவர்களில் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். 1933இல் வந்த குடியேற்றச் சட்டம் சீன ஆண்களின் வரவைக் கட்டுப்படுத்தியதே தவிர, பெண்களுக்குச் சில ஆண்டுகள் கதவைத் திறந்தே வைத்திருந்தது.

இவர்கள் எல்லோரும் பெண்களை விரும்பிய பெண்கள் என்று சொல்ல வரவில்லை. மாமியார் வீட்டுக்கும் பிள்ளைப்பேற்றின் ஆபத்துக்கும் அஞ்சி விலகியவர்களே மிகுதியாக இருக்கலாம். ஆனால் சிலர் இணையாக வாழ்ந்ததும், பெண்களுக்குள் தோழமை உறுதி ஏற்கும் சங்கங்கள் இருந்ததும் பதிவாகியிருக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிகள் ஒருவருக்கொருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் இறந்தபோது மற்றவர் கோடி உடுத்தவில்லை, முறைப்படி அழவுமில்லை. எந்த உறவுமுறையில் அழுவது என்பதற்கு அவருக்குப் பெயரே இல்லை.

இளவேனில் எழுதியது:

தாமரை அக்கா, கடைசி வரியைப் படித்துவிட்டு என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். நான் பொறுமை என்று நினைத்தது கண்டுகொள்ளாமை போலும்.

கடல்நாரை எழுதியது:

முத்துக்குமரன் சொன்ன பிள்ளை பற்றிய காரணத்தை நான் ஒதுக்கமாட்டேன். பெற்றோருக்குச் செய்யும் கேடுகள் மூன்று, அவற்றில் பெரியது வழித்தோன்றல் இல்லாமல் போவது என்ற பண்டைக் கன்ஃபூசிய அறிஞர் மென்சியஸின் வாக்கு, படிக்காத மூதாட்டியின் வாயிலும் வரக் கேட்டிருக்கிறேன். இறந்தவருக்குப் படையலிட ஆண்வாரிசு வேண்டும் என்பது அதன் வேர். அதன்மேல் 1980 முதல் 2015 வரை இருந்த ஒரு பிள்ளைக் கொள்கையை வைத்துப் பாருங்கள். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவன் மணம் செய்யாவிட்டால் மற்ற மூவர் இருக்கிறார்கள். ஒரே பிள்ளை மறுத்தால் இரண்டு பாட்டன்மார் வழியும் அங்கேயே நின்றுவிடும்.

மணமாகாத பெண்ணுக்கும் இதே நெருக்கடிதான். இருபத்தேழைத் தாண்டியவரை 'மிச்சப் பெண்' என்று அழைக்கும் சொல்லை 2007இல் கல்வி அமைச்சகமே புதுச்சொற்கள் பட்டியலில் சேர்த்தது. ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் பெற்றோர் தம் மக்களின் வயது, உயரம், சம்பளம், வீடு உண்டா இல்லையா என்பதைத் தாளில் எழுதிக் குடைமேல் ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் அங்கே போனபோது வெளிநாட்டான் என்றும் பாராமல் ஓர் அம்மா என் சம்பளத்தைக் கேட்டார்.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததே 'ஷிங்ஹுன்' என்னும் ஒப்புக்குச் செய்யும் திருமணம். ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் பேசிவைத்துக்கொண்டு, இரு வீட்டாருக்கும் விருந்துபோட்டு மணந்து, புத்தாண்டுக்கு மட்டும் சேர்ந்து ஊருக்குப் போய்வருவார்கள். அதாவது இருவரும் அறிந்து செய்யும் ஏற்பாடு. அறியாமல் சிக்குவோர் வேறு. அவர்களுக்குத் 'தோங்ச்சீ' என்று பெயர். தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கு, அது தெரியாமல் மனைவியானவர்கள். இந்தப் பெண்கள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் குழுக்களாகச் சேர்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான் அப்படியொரு துயரம் உண்டென்பது வெளியே தெரிந்தது. குலத்தைக் காப்பாற்றும் கடமையை மகன்மேல் ஏற்றினார்கள். மகன் அதன் விலையை மனைவிமேல் இறக்கிவைத்தான்.

முத்துக்குமரன் எழுதியது:

அதைத்தானே நானும் சொன்னேன். பிள்ளைதான் காரணம் என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இல்லை ஐயா. பிள்ளை மட்டுமே காரணம் என்றால், மணம் முடித்து இரண்டு பிள்ளை பெற்ற ஓர் ஆண் மெல்லிய குரலில் பேசினாலும் முகத்தில் களிம்பு பூசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது அல்லவா?

நெடுவழி எழுதியது:

அந்தச் சிரிப்பு பழையது என்று சொல்லும்போதுதான் எனக்கு இடறுகிறது. பழைய சீனத்தின் ஆண்மை முரட்டு ஆண்மை அன்று. அங்கே அதற்கு இரண்டு முகங்கள்: எழுத்தறிவால் வரும் 'வென்', படைத்திறத்தால் வரும் 'வூ'. கன்ஃபூசியஸ் முதலாவதன் உருவம், போர்த்தெய்வமாகிவிட்ட குவான் யூ இரண்டாவதன் உருவம். நெடுங்காலம் முதலாவதே மேலானதாக எண்ணப்பட்டது. நாடகங்களின் காதல் தலைவன் வெளுத்த முகமும் மெலிந்த கையுமாக, மழையில் நனைந்தாலே காய்ச்சல் வரும் மாணவனாக இருப்பான். அவனைத்தான் பெண்கள் விரும்பினார்கள். பெய்ஜிங் இசை நாடகத்தில் ஸ்திரீபார்ட் போட்ட மெய் லான்ஃபாங் (1894–1961) நாட்டின் மிகப் பெரிய நடிகராக மதிக்கப்பட்டார்; 1930இல் அமெரிக்கா வரை சென்று ஆடினார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது அவர்களுக்காக ஆட மறுத்து மீசை வளர்த்துக்கொண்டவரும் அவரே. பெண்ணாக ஆடுவதற்கும் ஆண்மைக்கும் அங்கே பகை இருந்ததாகத் தெரியவில்லை.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

நெடுவழி சொல்வதில் வலு இருக்கிறது. என் கருத்தைத் திருத்திக்கொள்ளவேண்டிய இடமும் இதுவே. மென்மை என்பது எப்போதும் இகழ்ச்சிக்குரியதாக இருக்கவில்லை. ஆனால் யாருடைய மென்மை என்று கேட்கவேண்டும். தேர்வெழுதி அதிகாரியாகப் போகும் மாணவனின் மென்மை உயர்குடியின் அடையாளம். அவன் உழவேண்டியதில்லை, சுமக்கவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. சிங் காலத்து ஸ்திரீபார்ட் நடிகரின் மென்மை விற்பனைக்குரியது. நடிகரும் அவர் வழிவந்தவரும் அரசுத் தேர்வெழுதவே உரிமையற்ற இழிந்தோர் வகுப்பில் வைக்கப்பட்டிருந்தார்கள். மெய் லான்ஃபாங் அந்த இடத்திலிருந்து கலையின் பெருமைக்கு ஏறிவந்தவர். அப்போதும் எழுத்தாளர் லூ ஷுன் 1924இல், நம் நாட்டின் மிகப் பெரிய, நிலைத்த கலை ஆண் பெண்வேடம் போடுவதுதான் என்று எள்ளினார்.

அந்த எள்ளலுக்குப் பின்னால் வேறொரு வலி இருக்கிறது. 1895இல் ஜப்பானிடம் தோற்றபின் சீனத்தைக் 'கீழை ஆசியாவின் நோயாளி' என்று பிறர் அழைப்பதாகச் சீன அறிவாளர்களே குமுறினார்கள். நாடு தோற்றதற்குக் காரணம் உடல் தோற்றதுதான் என்று எண்ணியதால், சிறுத்திருக்கும்படி இறுகக் கட்டிய பெண்ணின் பாதமும் மெலிந்த மாணவனின் கையும் சேர்ந்தே வெட்கமாயின. பாதத்தை அவிழ்த்துவிட்டது பெண்ணுக்கு நன்மை. அதே மூச்சில், பெண்போன்ற ஆண் நாட்டுக்கு ஆபத்து என்ற எண்ணமும் வந்துசேர்ந்தது. தன்பாலீர்ப்பை நோயாகப் பார்க்கும் மேற்கத்திய மருத்துவ நூல்கள் மொழிபெயர்ப்பில் வந்து இறங்கியதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். இளவேனில் தம்பியின் கட்சிக்கு இந்த அளவுக்கு நான் இடம்விடுவேன்.

இன்றைய சண்டைக்கு வருவோம். 2018 செப்டம்பரில், பள்ளி திறக்கும் நாளில் எல்லா மாணவரும் பார்க்கவேண்டிய அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஒப்பனையிட்ட இளம் பாடகர் குழு தோன்றியதும் பெற்றோர் கொதித்தார்கள். அப்போது பரவிய சொல் 'நியாங்பாவ்', பெண்தன்மையுள்ள ஆணை இழித்துரைப்பது. அரசின் சின்ஹுவா செய்தி நிறுவனம் அந்தக் கொதிப்போடு சேர்ந்துகொண்டது. கட்சியின் ஏடான மக்கள் நாளிதழோ அப்படிப்பட்ட சொற்களால் ஒருவரை இழிவுசெய்யக் கூடாது என்று எழுதியது. கட்சிக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருந்தன. பிறகு ஒரு குரலே எஞ்சியது. ஆண்பிள்ளைகள் பெண்மயமாவதைத் தடுக்கவேண்டும் என்று அரசியல் ஆலோசனை மன்ற உறுப்பினர் ஒருவர் வைத்த முன்மொழிவுக்கு, உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பெருக்குவோம் என்று கல்வி அமைச்சகம் அளித்த பதில் 2021 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஒளிபரப்பு ஆணையம் நியாங்பாவ் என்ற அந்தத் தெருச்சொல்லையே அரசாணையில் எழுதி, அத்தகைய தோற்றத்தைத் திரையில் காட்டத் தடைவிதித்தது. ஆண்மைக்கு அவர்கள் சொல்லும் 'யாங்காங்' என்ற சொல்லிலுள்ள 'காங்', தாமரை எடுத்துக்காட்டிய பான் ஜாவ் ஆணுக்கு வகுத்த அதே உறுதிதான்.

முத்துக்குமரன் எழுதியது:

சரி, அரசு கெடுபிடி செய்கிறது. இருந்தாலும் நீதியாகப் பேசுவோம். சீனத்தில் இதற்காக யாரையும் சிறையில் அடைப்பதில்லை. 1997இல் 'போக்கிரித்தனம்' என்ற குற்றப்பிரிவை நீக்கியபோது காவலர் கையிலிருந்த கருவியும் போயிற்று. 2001இல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். மதவெறி இல்லை, கல்லெறிதல் இல்லை. ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதில்லை, ஊக்குவிப்பதில்லை என்பதுதானே அவர்கள் நிலை? பல நாடுகளைவிட இது மேலானது.

தாமரைச்செல்வி எழுதியது:

மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று இல்லைகளின் நடுவே ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று பாருங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2016இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தம் நிலையைப் பள்ளியிலோ பணியிடத்திலோ வெளிப்படையாகச் சொல்லியவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவில்தான் இருந்தார்கள். சீனர் இதை அடக்கத்தின் அழகாகச் சொல்வார்கள். 'ஹான்ஷு', அதாவது உள்ளே வைத்துக்கொள்வது. மகன் ஒரு நண்பனை ஆண்டுதோறும் வீட்டுக்கு அழைத்துவந்தால், அம்மா அவனுக்கும் ஒரு கிண்ணம் சோறு வைப்பார். யார் என்று கேட்கமாட்டார், மகனும் சொல்லமாட்டான். இதைப் பரிவு என்று பாராட்டுவோர் உண்டு. கேள்வி இல்லாத வீட்டில் பதிலுக்கும் இடமில்லை என்று தைவான் ஆய்வாளர்கள் இருவர் இதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

வாய்திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2018 ஏப்ரலில் வெய்போ என்ற சமூக ஊடகத் தளம் தன்பாலீர்ப்புச் சித்திரங்களையும் காணொளிகளையும் களையப்போவதாக அறிவித்தபோது, 'நான் தன்பாலீர்ப்பாளர்' என்று பெருந்திரளானோர் எழுதியதால் மூன்றே நாளில் அறிவிப்பைத் திரும்பப்பெற்றது. அந்த வெற்றி நீடிக்கவில்லை. 2009 முதல் நடந்த ஷாங்காய் தன்பாலீர்ப்பாளர் பெருமித விழா 2020இல் நின்றது. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மாணவர் குழுக்களின் வீசாட் கணக்குகள் ஒரே இரவில் மறைந்தன. 2023 மே மாதம் பெய்ஜிங்கின் தன்பாலீர்ப்பாளர் மையம் மூடப்பட்டது. ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளை எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் இளம்பெண்கள். அப்படி எழுதிய ஒரு பெண்ணுக்கு 2018இல் ஆபாச நூல் விற்றதாகப் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். யாரையும் சிறையில் அடைப்பதில்லை என்று எழுதியவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நெடுவழி எழுதியது:

பண்பாடுதான் விதி என்று எண்ணுவோர் தைவானையும் பார்க்கவேண்டும். அங்கும் அதே மென்சியஸ், அதே குலப்படையல். 2000 ஏப்ரலில் பிங்டுங் மாவட்டத்தில், பெண்தன்மையுள்ளவன் என்று மாணவர்களால் துன்புறுத்தப்பட்டு, இடைவேளையில் கழிவறைக்குப் போகவே அஞ்சிய ஒரு பள்ளி மாணவன், வகுப்பு நடக்கும் நேரத்தில் தனியே சென்று அங்கே இரத்த வெள்ளத்தில் கிடந்து, மறுநாள் இறந்துபோனான். அவன் யாரை விரும்பினான் என்பது யாருக்கும் தெரியாது. அதைப் பற்றிய வழக்கும் அன்று அது. நடையும் குரலும்தான் அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம். அந்தச் சாவை முன்னிட்டு, இரு பாலரின் சமத்துவக் கல்விக்காக வரைவில் இருந்த சட்டம், பால் அடையாளமும் ஈர்ப்பும் சேர்ந்த விரிந்த சட்டமாக 2004இல் நிறைவேறியது. 2017இல் ஒரே பாலினத்தவர் மணக்க வழியில்லாதது அரசமைப்புக்கு முரண் என்று அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2018 பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்து வாக்களித்தும், 2019 மே 24 முதல் ஒரே பாலினத்தவர் திருமணம் பதிவாகத் தொடங்கியது. திருமணச் சட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே பள்ளிக்கூடச் சட்டம் வந்தது என்ற வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏட்டுப்பூச்சி சொன்ன முடிச்சை அவர்கள் சரியான நுனியிலிருந்து பிடித்தார்கள்.

இளவேனில் எழுதியது:

ஓர் ஐயம். ஜின் ஷிங் அம்மையாரை எங்கே வைப்பது? படையின் நடனக் குழுவில் ஆணாக வளர்ந்து, 1995இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாகி, தம் பெயரிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி நாடே பார்க்கும் ஆளுமையானவர். திருநங்கை ஒருவரை இந்த அளவு கொண்டாடிய சமூகம் பிற்போக்கானதா?

தாமரைச்செல்வி எழுதியது:

தம்பி, அந்த நிகழ்ச்சியில் அவர் பெண்களுக்குச் சொன்ன அறிவுரைகளைக் கேட்டிருக்கிறாயா? நேரத்தோடு மணம் முடி, கணவனுக்கு விட்டுக்கொடு என்ற வகையில் அவர் பேசியதாகப் பெண்ணியவாதிகள் பலர் அவரோடு சண்டையிட்டார்கள். அவருடைய வாழ்க்கைத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள சுவரை அவர் இடிக்கவில்லை. ஓர் அறையிலிருந்து மற்றதற்குக் கதவைத் திறந்து போனார். அதனால்தான் நாடு அவரை எளிதாக ஏற்றுக்கொண்டது என்று எண்ணுகிறேன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

கடல்நாரை எழுதியது:

கேட்டதைவிட மிகுதியாகவே கிடைத்தது; எல்லோருக்கும் நன்றி. தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன்.

சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்திலும் முன்பு ஒன்றாகவே இருந்தது. ஐரோப்பிய மொழிகளை மொழிபெயர்க்கும்போது இடர்ப்பட்டதால், 1920இல் லியூ பன்னொங் என்ற கவிஞர் பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்துத் தனி எழுத்தாக எழுதவேண்டும் என்று வாதாடினார், அதுவே நிலைத்தது. ஒலி மட்டும் பழையபடியே இருக்கிறது.

என் மாணவர்களில் ஒருவர் (பின்வரிசை மாணவி கேலிசெய்த அதே பையன்) ஓர் ஆணோடு மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார். ஊரிலிருந்த அம்மாவிடம் அதை மறைக்கவுமில்லை, சொல்லவுமில்லை. தா இன்று கஞ்சி வைத்துக் கொடுத்தது, தாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, தா உங்களை நலம் கேட்டது என்று தொலைபேசியில் நாள்தோறும் பேசுவார். அம்மா தம் மனத்தில் ஒரு மருமகளைக் கண்டுகொண்டு, தாவுக்கு இஞ்சி போட்டுக் கொடு என்பார். எழுத்தில் வந்தால்தான் சிக்கல். எந்த எழுத்து என்று தெரிவு செய்தாகவேண்டும். அங்குள்ள இளைஞர் பலர் அதைத் தவிர்க்க ரோமன் எழுத்தில் டி, ஏ என்று இரண்டெழுத்து போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அது விளங்காது. அதனால் இவர் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி எழுதுவதே இல்லை. எவ்வளவு சின்னச் செய்தியானாலும் குரல்பதிவுதான்.

இதை என் வீட்டில் தமிழில் சொல்ல முயன்றபோது எனக்கும் அதே சிக்கல் வந்தது. கஞ்சி வைத்தான் என்பதா, வைத்தாள் என்பதா? 'வைத்தார்' என்று சொல்லிச் சமாளித்தேன். யாரோ வயதில் மூத்தவர் போலிருக்கிறது என்று என் அம்மா நினைத்துக்கொண்டார்.